அனிமேட்டிக் ஓகே ஆன பிறகு 'சின்ன சேஞ்ச்'னு ஒண்ணு கிடையாதுங்க

"ஒரு நிமிஷ அனிமேஷன் வீடியோ, எவ்ளோ ஆகும் ப்ரோ?" எனக்கு வாட்ஸப்ல வர்ற விசாரிப்புல முக்கால்வாசி இந்த ஒத்த வரிதான். ஸ்கிரிப்ட் இருக்கா, கேரக்டர் வாய் திறந்து பேசுமா இல்ல பின்னணிக் குரல் மட்டுமா, டிவில ஓடுமா யூட்யூபா, இதெல்லாம் தெரியாம நான் என்னத்த சொல்றது. ஃப்ரீலான்ஸா இந்த வேலைய பாக்குறவன்ங்கற முறைல, வேலை குடுக்குறவங்களுக்கும் புதுசா இதுல இறங்குற தம்பி தங்கச்சிகளுக்கும் சேர்த்தே இத எழுதுறேன், ஏன்னா சண்டை வர்ற இடம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

முதல்ல கணக்கு. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அப்ப ஒரு நிமிஷத்துக்கு 1440. கையால வரையிற 2டில நாங்க பெரும்பாலும் 'டூஸ்'ல பண்ணுவோம், அதாவது ஒரு படத்த ரெண்டு ஃப்ரேம் நிறுத்தி வைக்கிறது, அப்படியே பண்ணாலும் 720 படம், அதுவும் திரைல ஒரே ஒரு ஆள் அசைஞ்சா. 3டின்னா கம்ப்யூட்டர் பண்ணிடும்னு ஒரு நெனப்பு இருக்கு. ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக, அதாவது கம்ப்யூட்டர் அத முழுப் படமா மாத்தித் தர, 5 நிமிஷம்னு வைங்க, 1440 ஃப்ரேமுக்கு 120 மணி நேரம், ஒரே மெஷின்ல முழுசா அஞ்சு நாள். நடுவுல கரண்ட் போனா? அதுக்குத்தான் நேரா வீடியோவா ரெண்டர் போடாம பிஎன்ஜி சீக்வென்ஸா, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி படமா, போடுங்கனு புதுசா வர்றவங்ககிட்ட கத்திக்கிட்டே இருக்கேன், விட்ட ஃப்ரேம்ல இருந்து தொடரலாம், வீடியோவா போட்டா மொத்தமும் போச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வேலை போற வரிசை இப்படி: ஸ்கிரிப்ட், அப்புறம் போன்லயே பதிவு பண்ண ஒரு ஸ்க்ராட்ச் வாய்ஸ் (தற்காலிகக் குரல்), ஷாட் ஷாட்டா வரைஞ்ச ஸ்டோரிபோர்டு, அந்த ஸ்டோரிபோர்டு படங்கள குரலோட நேரத்துக்கு வெட்டி ஒட்டுன அனிமேட்டிக். பாக்க கிறுக்கலா இருக்கும், கலர் இருக்காது, யாரும் அசைய மாட்டாங்க. அதனாலேயே நிறைய பேர் அத சரியா பாக்காமலே ஓகேனு கட்டைவிரல தட்டி விட்டுடறாங்க, 'ஃபைனல்ல பாத்துக்கலாம்'னு. உண்மைல படம் முடிவாகுற இடமே அதுதான். எந்த ஷாட் எவ்ளோ நேரம் நிக்குது, எந்த வார்த்தைல கட் ஆகுது, ஜோக்குக்கு முன்னாடி எவ்ளோ மௌனம், எல்லாமே அங்க உக்காந்துடும். அனிமேட்டிக்ல ஒரு ஷாட்ட தூக்குறதுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். அதே ஷாட்ட அனிமேட் பண்ணி முடிச்சப்புறம் 'அந்த அம்மா உக்காராம நின்னுட்டே பேசட்டுமே, சின்ன சேஞ்ச்தான' அப்படின்னா, நிக்கிற உடம்புக்கு புது போஸ், கை எங்க போகும்னு புதுசா, பின்னாடி பேக்ரவுண்டு வேற உயரத்துல, நிழல், எல்லாமே முதல்ல இருந்து. கேக்குறவங்க மேல தப்பில்ல, அவங்களுக்கு அது ஒரு வரிதான்.

வசனம் மாத்துறது இதவிட பெரிய தலைவலி. லிப் சிங்க்னா, அதாவது குரலுக்கு ஏத்த வாயசைப்புன்னா, சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு நெனைக்கிறாங்க. ரூபார்ப்னு ஒரு இலவச டூல் இருக்கு, நல்ல டூல்தான், ஆடியோவ குடுத்தா வாய் வடிவங்கள வரிசையா அடுக்கித் தரும், இங்கிலீஷ் இல்லாத மொழிக்கு சத்தத்த மட்டும் வச்சு வேலை செய்யிற ஃபொனெட்டிக் மோட் கூட உண்டு. ஆனா அத அப்படியே தமிழுக்கு விட்டா எங்கயோ டப்பிங் பட வாடை அடிக்கும். காரணம் சொல்றேன். 'அம்மா', 'அப்பா' சொல்லும்போது உதடு ஒட்டி நிக்கிற நேரத்த கவனிங்க, ஒத்த மகரத்துக்கு 2 ஃப்ரேம் போதும், ஆனா ம்மாவுக்கு 3, 4 ஃப்ரேமாவது மூடியே இருக்கணும், இல்லாட்டி 'அமா'ன்னு கேக்குற மாதிரியே கண்ணுக்கு தெரியும். அடுத்தது ஸ்கூல்ல படிச்சு மறந்துபோன குற்றியலுகரம். 'பூட்டு'னு சொல்லிப் பாருங்க, முதல் ஊகாரத்துக்கு உதடு குவியும், கடைசி உகரத்துக்கு குவியவே குவியாது. இங்கிலீஷுக்கு பண்ண மவுத் சார்ட் (எந்த சத்தத்துக்கு எந்த வாய்ங்கற பட்டியல்) ரெண்டுக்கும் ஒரே குவிஞ்ச வாயப் போட்டு வைக்கும், நம்ம பேச்சுல நிறைய வார்த்தை உகரத்துல முடியுது, அப்ப கேரக்டர் வரிக்கு வரி முத்தம் குடுக்குற மாதிரி இருக்கும். 'வ'வுக்கு பல்லால உதட்ட கடிக்க வைக்காதீங்க, லேசா தொட்டா போதும், கடிச்சா கோவமா பேசுற மாதிரி ஆயிடுது. ல ள ழ வித்தியாசத்துக்கு மண்டைய உடைச்சுக்க வேணாம், நாக்கு உள்ள பண்றது வெளிய பெருசா தெரியாது. அப்புறம் வாய் வடிவம் சத்தத்துக்கு ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் முன்னாடி வரணும், கரெக்டா சத்தத்து மேலயே வச்சா லேட்டா வர்ற மாதிரிதான் படும். இதெல்லாம் கையால திருத்தி முடிச்சு வைக்கிறப்ப ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வாய்ஸ் நோட்டு வரும், 'வணக்கம்க்கு பதிலா அனைவருக்கும் வணக்கம்னு மாத்திடலாமா'ன்னு.

நடையும் அப்படித்தான். மார்க்கெட்ல கிடைக்கிற ரெடிமேட் ரிக், அதாவது கேரக்டர அசைக்கிறதுக்கான எலும்புக்கூடு மாதிரி செட்டப், பெரும்பாலும் பேண்ட் போட்ட ஆளுக்கு பண்ணது. ஒரு ஸ்டெப்புக்கு 12 ஃப்ரேம், ரெண்டு ஸ்டெப்புக்கு 24, அது எல்லாருக்கும் பொதுக் கணக்கு. ஆனா சேலை கட்டுனவங்களுக்கு கால் தெரியாது, நடை தெரியிறது கொசுவத்துலயும் கரையிலயும்தான், எடுத்து வைக்கிற அடி கொஞ்சம் சின்னதா இருக்கணும், கொசுவம் முழங்காலுக்கு ரெண்டு ஃப்ரேம் பின்தங்கி வரணும், முந்தானை இன்னும் லேட்டா. இதுக்கு நான் தனியா ஒரு ரிக் கட்டி வச்சிருக்கேன், எந்த ப்ராஜெக்ட்டா இருந்தாலும் அத எடுத்து முகம் மாத்தி நிறம் மாத்தி ஓட்டுவேன். அதனாலதான் சோர்ஸ் ஃபைல் (ரிக் எல்லாம் உள்ள இருக்கிற மூல ஃபைல்) பேச்சு வந்தா நான் உஷாராயிடுவேன், வீடியோவும் சோர்ஸும் வேற வேற சாமான், விலையும் வேற.

தமிழ் எழுத்து திரைல வர்ற வேலைன்னா ஒரு எச்சரிக்கை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேர்ல 'கொ' உடைஞ்சு கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு நின்னா ஃபான்ட்ட திட்டாதீங்க, டைப் ப்ரிஃபரன்ஸ்ல தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சின மாத்தணும். அப்பவும் டைப்ரைட்டர் மாதிரி எழுத்து எழுத்தா வர்ற எஃபெக்ட் தமிழுக்கு செட் ஆகாது, 'க' வந்து நின்னு அப்புறம் 'கி'யா மாறுறது அசிங்கமா இருக்கும். நான் வார்த்தை வார்த்தையா கொண்டு வர்றேன். எக்ஸ்போர்ட் பண்றப்ப டிவிக்கு போறதா இருந்தா நம்ம ஊர்ல செகண்டுக்கு 25 ஃப்ரேம், இத வேலை ஆரம்பிக்கும்போதே கேட்டுக்கணும், முடிச்சிட்டு மாத்துனா லிப் சிங்க் நழுவும் இல்ல மோஷன் துடிக்கும்.

காசு, காகிதம். அட்வான்ஸ் இல்லாம ஸ்டோரிபோர்டு கூட வரையாதீங்க. கொட்டேஷன்லயே எழுதிடுங்க: அனிமேட்டிக் வரைக்கும் திருத்தம் இத்தன தடவ, அதுக்கு மேல மாத்துனா ஷாட் கணக்குல தனி சார்ஜ். இப்படி எழுதுறது கிளையண்ட்டுக்கும் நல்லதுதான், எப்ப வாய திறக்கணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிடும். காப்பிரைட் பத்தி ரெண்டு பக்கமும் தப்பா நெனச்சிட்டு இருக்காங்க. 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவுபடி, காசு குடுத்து படம் பண்ணச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அந்தப் படத்துக்கு முதல் சொந்தக்காரர் காசு குடுத்தவர்தான். 'நான் வரைஞ்சேன், என்னோடது'னு நின்னா வேலைக்கு ஆகாது. ரிக்க நான் வச்சுக்குவேன், என் வேலைய காட்டுற ஷோரீல்ல போட்டுக்குவேன்னா அத எழுத்துல வாங்கணும். உரிமைய மாத்திக் குடுக்குறதும் எழுத்துல கையெழுத்தோட இருந்தாதான் செல்லும், எத்தன வருஷம்னு எழுதாம விட்டா 5 வருஷம்னும், எந்த நாட்டுக்குனு எழுதாம விட்டா இந்தியாவுக்குள்ள மட்டும்னும் 19வது பிரிவு எடுத்துக்கும். ஃபாரின்ல ஓட்டப்போற கம்பெனிக்காரங்களே கூட இத கவனிக்கிறதில்ல.

பேமென்ட்ட இழுத்தடிக்கிறவங்கள சமாளிக்க ஒண்ணு. சின்ன தொழில்களுக்கான உத்யம் பதிவு போட்டு வைங்க, கவர்மென்ட் சைட்ல முழுக்க இலவசம், காசு கேக்குற சைட் எல்லாம் இடைத்தரகர்தான். தனி ஆளா சர்வீஸ் பண்றவங்களும் மைக்ரோ நிறுவனமா பதியலாம். பதிஞ்சிருந்தா 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல பணத்த நிறுத்தி வைக்க முடியாது, தாண்டுனா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு கூட்டு வட்டி, புகார் குடுக்க கவர்மென்ட் போர்ட்டலும் இருக்கு. இன்வாய்ஸ்ல அந்த பதிவு நம்பர் போட்டிருந்தாலே சில அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் கொஞ்சம் சுறுசுறுப்பாயிடுது, அது தனிக் கதை.

இவ்ளோ கண்டிஷன் பேசுறவன் சொந்தமா ஏதாவது பண்றியானு கேக்கலாம். பண்றேன், மாத்த மாத்த செலவில்லாத ஒரே இடம் அதுதான். பிளெண்டர்ங்கற அனிமேஷன் சாஃப்ட்வேர் இலவசம், 2025ல ஆஸ்கர் வாங்குன லாத்வியா அனிமேஷன் படமே அதுல பண்ணதுதான், அதனால சாஃப்ட்வேர் வாங்க காசில்லனு இப்ப யாரும் சொல்ல முடியாது. அதுலயே கையால வரையிற கிரீஸ் பென்சில் டூல்ல டீ மாஸ்டர் டீ ஆத்துற ஒரு லூப் போட்டுட்டு இருக்கேன். மேல் கை நிறுத்துன பிறகும் கயிறு மாதிரி விழற டீ இன்னும் கொஞ்சம் வளைஞ்சு போயிட்டுதான் நேராகும், கண்ணு டம்ளர்ல இருக்காது, எதிர்ல நிக்கிற கஸ்டமர் மேல இருக்கும். அந்த வளைவ எத்தனையோ தடவ மாத்தியாச்சு. பாதில இருந்த அத இன்ஸ்டால போட்டதுக்கு ஒரு டீத்தூள்காரர் மெசேஜ் போட்டாரு, அப்படியே குடுங்க ப்ரோ, டம்ளர்ல எங்க லோகோ மட்டும் வைங்க, சின்ன சேஞ்ச்தானன்னு. கொட்டேஷன் அனுப்பியிருக்கேன்.