ரேஷன் அரிசியும் வருமானம்தானா? குடும்பங்கள் பெறும் அரசு உதவியைப் பகுதிவாரியாகக் கணக்கிடுவது எப்படி

ஒரு மாவட்டத்தில் நலத்திட்டங்களுக்குச் செலவான தொகையை அங்குள்ள குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சராசரியாக இவ்வளவு கிடைக்கிறது என்று எழுதும் அறிக்கைகளைப் பணி நிமித்தமாக அடிக்கடி படிக்கிறேன். அந்த எண் அரசின் செலவைச் சொல்கிறது. குடும்பத்தின் வருமானத்தைச் சொல்வதில்லை. செலவுக் கணக்கில் நிர்வாகச் செலவும் அடங்கியிருக்கும். பயன் பெறாத குடும்பங்களும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும். தருமபுரி முகவரியில் ரேஷன் அட்டை வைத்துக்கொண்டு திருப்பூரில் வேலை செய்யும் குடும்பம் எந்த ஊர்க் கணக்கில் சேர்கிறது என்பதும் தெரியாமல் போகும். ஆகவே வருமானத்தை அறிய வேண்டுமானால் வீட்டில்தான் கேட்டாக வேண்டும்.

அந்தக் கேள்வியையும் பொதுப்படையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. “அரசு உதவி ஏதாவது வருகிறதா?” என்றால் “ஒண்ணும் வரலைங்க” என்பார்கள். அதே வீட்டில் “ஆயிரம் ரூபாய் வருதாம்மா?” என்று கேட்டால், “அது வருதுங்க, பதினஞ்சாம் தேதி அக்கவுண்ட்ல ஏறிடும்” என்று உடனே பதில் வரும். மாமியாருக்கு வரும் முதியோர் பணத்தை மருமகள் தன் வீட்டு வருமானமாக நினைப்பதே இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே கலைஞர் மகளிர் உரிமைத் தொகை சுமார் 1.06 கோடிப் பெண்களுக்குச் சென்றது. ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். முதியோர் ஓய்வூதியம் அதே ஆண்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இரண்டும் வரும் வீட்டில் மாதம் 2,200 ரூபாய் கணக்கில் வராமலே போய்விடக்கூடும் என்பதால், ஒவ்வொரு திட்டத்தையும் மக்கள் அழைக்கும் பெயரால், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ரொக்கத்தைவிடச் சிக்கலானது பொருள். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மாதம் 20 கிலோ வாங்கும் வீட்டுக்கு அதன் மதிப்பு எவ்வளவு? கிலோ 30 ரூபாய் என்றால் 600, 50 ரூபாய் என்றால் 1,000. கடைப் பொன்னியில் சோறு வடித்து, ரேஷன் அரிசியை இட்லி மாவுக்கு மட்டும் ஊறப்போடும் வீடும், மூன்று வேளையும் அதையே உண்ணும் வீடும் அந்த அரிசியை ஒரே விலைக்கு மதிப்பதில்லை. மத்திய அரசின் 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இதற்கு இரு வழிகளைக் கையாண்டது: ஒவ்வொரு மாநிலத்திலும், கிராமம் நகரம் எனப் பிரித்து, பெரும்பாலோர் கொடுத்த விலை ஒன்று, விலைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் கீழிருந்து கால் பங்கில் நிற்கும் விலை மற்றொன்று. இலவசப் பொருள்களின் மதிப்பைச் சேர்த்ததும் இந்தியக் கிராமங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாயிலிருந்து 3,860 ஆனது. நகரங்களில் 6,459இலிருந்து 6,521 ஆனது. வெறும் 87 ரூபாயும் 62 ரூபாயும்தானே என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இவை நாடு தழுவிய சராசரிகள். ஏழைக் குடும்பத்தின் மாதச் செலவில் அதே அரிசி பிடிக்கும் பங்கு சராசரியைவிடப் பெரிது.

அந்தக் கணக்கெடுப்பு இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் இந்த மதிப்பில் சேர்க்கவில்லை. அதுவே முறை என்று நானும் கருதுகிறேன். குடும்ப வருமானப் புள்ளியியலுக்கான பன்னாட்டு நிபுணர் குழுவான கான்பெரா குழுவின் 2011ஆம் ஆண்டுக் கையேடும் இலவசச் சேவைகளை வருமானத்தோடு கலக்காமல் தனி அடுக்காகக் காட்டச் சொல்கிறது. மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மாதந்தோறும் மிச்சமாகும் பணம். நாளுக்கு இரண்டு நடை மட்டுமே பேருந்து வரும் ஊரில் இருப்பவருக்கு, சட்டப்படி அதே உரிமை இருந்தும், கையில் மிஞ்சுவது சொற்பம். இருவருக்கும் ஒரே தொகையை ஏற்றினால், பேருந்து அரிதாக வரும் ஊர் காகிதத்தில் வசதியான ஊராகிவிடும். நூறு நாள் வேலைக் கூலியையும் அரசு உதவியில் சேர்க்கக் கூடாது. வெயிலில் மண் வெட்டிப் பெற்றது உழைப்புக்கான ஊதியம்.

பகுதியை எப்படிப் பிரிக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் கோவையும் தருமபுரியும் ஒரே உள்நாட்டு மண்டலத்தில் வருவதால், கோவை நகரத்துச் சம்பளக்காரரின் கணக்கும் தருமபுரி மானாவாரி விவசாயியின் கணக்கும் ஒரே சராசரிக்குள் கலந்துவிடுகின்றன. மண்டலச் சராசரியோடு, அரசு உதவி பெறும் குடும்பங்களின் விகிதத்தையும், பெறுவோருக்கு மட்டுமான சராசரியையும், மொத்த வருமானத்தில் அந்த உதவியின் பங்கையும் சேர்த்து வெளியிட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மக்களின் அச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், உள்ளதைச் சொன்னால் பணம் நின்றுவிடுமோ என்று பலர் வருமானத்தைக் குறைத்தே சொல்கிறார்கள். 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தின் கீழ் திரட்டும் தனிநபர் விவரங்களைப் புள்ளியியல் தவிர வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்த முடியாது. கணக்கெடுக்கச் செல்லும்போது இதை வாசலில் நின்று, படிவத்தைத் திறக்கும் முன்பே, அவர்களுக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட்டுக் கேள்வியைத் தொடங்குங்கள். உங்கள் அடையாள அட்டையை அவர்கள் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுங்கள்.