வீட்டு லேத்: கியரை மாற்றும் முன் கார்டைத் திரும்ப மாட்டுங்கள்

டூல் ரூமில் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்தால் போதும், சொந்தமாக மினி லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் சின்ன மெஷின்) வாங்கியவர்கள் அதன் போட்டோவை எனக்கு அனுப்பிவிடுவார்கள். புது டூல் போஸ்ட் (டூலைப் பிடிக்கும் பாகம்), நாலு இஞ்ச் சக் (கடையும் பொருளைப் பிடித்துச் சுழற்றும் பாகம்), ஸ்டீல் கியர், டிஜிட்டல் ரீட்-அவுட் என்று செலவு பார்க்காமல் செய்திருப்பார்கள். நான் முதலில் தேடுவது சக்குக்கு மேலே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கார்டை, அதாவது பாதுகாப்பு மூடியை. பல படங்களில் அது இருக்காது. கேட்டால், "டூலைக் கிட்டக் கொண்டுபோக இடைஞ்சலா இருந்துச்சு சார், கழட்டிட்டேன்" என்பார்கள். இந்த வகை மெஷின் பலவற்றில் கார்டைத் தூக்கினாலே மோட்டார் நின்றுவிடும். அதற்கென்று ஒரு மைக்ரோ ஸ்விட்ச் உண்டு. கார்டு இல்லாமல் ஓடுகிறது என்றால், அந்த ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியாகிவிட்டது என்று அர்த்தம்.

7x12, 7x14 என்ற அளவில் விற்கும் சீன மினி லேத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். 7 என்பது பெட்டுக்கு (மெஷினின் நீளமான அடிப்பாகத்துக்கு) மேல் சுழலக்கூடிய விட்டம், இஞ்ச்சில். அடுத்த எண், பொருளை இரு முனையிலும் தாங்கும் இரண்டு சென்டருக்கும் இடையிலுள்ள நீளம். சுமார் 40 கிலோ எடை, 80 மி.மீ. சக், 350 முதல் 550 வாட் வரை டிசி மோட்டார், 2500 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) வரை வேகம். மாடி அறையில் மேஜை மேல் வைத்து ஓட்டலாம். அதனாலேயே பயம் விட்டுப்போகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 600 ஆர்பிஎம் என்றால் நொடிக்குப் பத்துச் சுற்று. 80 மி.மீ. சக்கின் சுற்றளவு 25 செ.மீ. சட்டைக் கையில் தொங்கும் நூல் ஜாவில் (சக்கின் பிடிப்புத் தாடையில்) மாட்டினால், நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் துணி சுற்றிக்கொள்ளும். கண் பார்த்து, புரிந்து, கை அசைவதற்குக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் 60 செ.மீ. போய்விடும். உங்கள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து பாருங்கள். சின்ன மோட்டார்தானே, இழுக்க முடியாமல் நின்றுவிடாதா என்று கேட்கிறார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் இரும்புச் சக்கின் வேகம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், லோடு ஏறினால் வேகம் குறையாமல் இருக்க மோட்டாருக்குக் கூடுதல் கரண்ட் கொடுப்பதுதான் ஸ்பீடு கண்ட்ரோல் போர்டின் வேலையே. சிக்கியது உலோகமா விரலா என்று அதற்குத் தெரியாது.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், வேதியியல் கட்டடத்தின் ஒர்க்ஷாப்பில் இரவு தனியாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு மாணவியின் தலைமுடி லேத்தில் சிக்கி உயிரே போனது. விவரம் தெரிந்த பெண்தான். ஸ்டாப் பட்டனை அழுத்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

நம் ஊரில் முடியோடு இன்னும் சில சேரும். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு. நைலான் கலந்த கயிறு என்றால் அறுந்துகூடக் கொடுக்காது. கழற்ற மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் லேத்துக்கு முன்னால் அது கூடாது, மோதிரமும் வாட்சும் கூடாது. வீடுதானே என்று லுங்கியும் தோளில் துண்டுமாக நிற்பவர்களும் உண்டு. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது இதைவிட மோசம். வெறும் விரல் பட்டால் தோலோடு போகக்கூடியது, கையுறை மாட்டினால் கையோடு போகும். எமரித் துணியை (தேய்த்துப் பளபளப்பாக்கும் உரத்துணியை) விரலில் சுற்றிக்கொண்டு பாலிஷ் போடாதீர்கள். தட்டையான ஃபைலின் (அரத்தின்) மேல் வைத்துப் பிடியுங்கள். ஃபைலின் கைப்பிடி இடது கையில் இருக்கட்டும், அப்போதுதான் முழங்கை சக்கின் மேலே போகாது. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியிலிருந்து நீளமாக வரும் சுருள் பிளேடு போல அறுக்கும். மெஷினை நிறுத்திவிட்டு, கொக்கியால் இழுங்கள்.

அடுத்தது கரண்ட். ஒரிஜினல் ஸ்டாப் ஸ்விட்ச் போய்விட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்விட்ச்சைப் போட்டுவிடுகிறார்கள். கரண்ட் போகிறது, நீங்கள் ஆஃப் பண்ண மறந்து, சக்கில் கை வைத்து ஜாப்பை (கடைந்த பொருளை) கழற்றுகிறீர்கள், கரண்ட் வருகிறது. மெஷின் தானாக ஓடும். நோ-வோல்ட் ரிலீஸ் ஸ்விட்ச் போட்டிருந்தால், கரண்ட் வந்தாலும் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். வாங்க வேண்டிய முதல் அப்கிரேடு இதுதான். பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட்டின் மூன்றாவது துளைக்கு எர்த் வந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்க வேண்டும். டிசி கண்ட்ரோல் போர்டுகள் பலவற்றில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குப் போகும் ஒயரில்கூட மெயின்ஸ் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். இரும்புத் தூள் உள்ளே போகும் இடைவெளி இருந்தால் அடையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு மெஷினுக்கு வருவோம். காசு செலவில்லாத வேலைகள்தான் அதிகப் பலன் தரும். ஃபாக்டரி கிரீஸைத் துடைத்து, கிராஸ் ஸ்லைடின் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகத்தின்) ஆட்டத்தைச் சரிசெய்யும் கிப் ஸ்க்ரூக்களை ஆட்டம் இல்லாமலும் இறுகாமலும் டைட் செய்யுங்கள். சேடில் (பெட் மேல் நகரும் பாகம்) பெட்டை விட்டு மேலே தூக்குகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். தூக்கினால், சேடிலைக் கீழிருந்து பெட்டோடு பிடிக்கும் அடிப்பட்டையைச் சரிசெய்ய வேண்டும். டெயில் ஸ்டாக்கின் (சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் பாகத்தின்) சென்டர் நேராக வருகிறதா, டூல் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா? நான் பார்த்த அதிர்வுப் புகார்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிட்டது.

ஸ்டீல் கியர் போடுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. டூல் மாட்டிக்கொண்டு சக் நின்றால் பிளாஸ்டிக் கியர் முதலில் உடையும், அது மலிவான சாமான். ஸ்டீல் போட்டால் அந்த அடி மோட்டாருக்கும் போர்டுக்கும் போகும். ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) பேரிங்கை மாற்றுவது நல்ல வேலைதான். பொதுவாக இருப்பது 6206 பால் பேரிங். அதன் இடத்தில் 30206 டேப்பர் ரோலர் போடுகிறார்கள். 16 மி.மீ. அகலத்துக்குப் பதில் 17.25 வரும், அதற்கேற்ப ஸ்பேசரை (இடைவளையத்தை) குறைக்க வேண்டும். மாட்டியபின் கொஞ்ச நேரம் ஓட்டி ஹெட் ஸ்டாக்கை (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டியை) தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிரீலோடு, அதாவது பேரிங்கை இறுக்கிய அழுத்தம், அதிகம்.

பெரிய சக் மாட்டுகிறவர்கள் ஜா முழுக்க விரிந்தால் பெட்டில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஆன் பண்ணுங்கள். அந்தச் சக்கின் உச்ச வேகம் என்ன என்றும் பாருங்கள். ஸ்பிண்டிலின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்க வேகத்தைக் கூட்டினால், அது சட்டென்று வளைந்து சாட்டையாக அடிக்கும். அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

சக் கீயை (ஜாவை இறுக்கும் சாவியை) சக்கிலேயே விட்டுவிட்டு ஆன் செய்வது எல்லாப் பட்டறையிலும் நடக்கிற தப்பு. அதற்கு உங்கள் லேத்திலேயே வழி செய்யலாம். 25 மி.மீ. எம்.எஸ். கம்பியில், கீயின் தண்டுக்குப் பொருந்தும் துளையோடு ஒரு காலர் (வளையம்) கடையுங்கள். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 320 ஆர்பிஎம் போதும். பக்கவாட்டில் எம்4 டேப் போட்டு (திருகு மறை வெட்டி), கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத திருகால்) தண்டில் இறுக்குங்கள். காலருக்குக் கீழே ஒரு கெட்டியான ஸ்பிரிங். அது கீயின் சதுர முனையைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் கீ துளைக்குள் போகும், கையை எடுத்தால் வெளியே தள்ளிவிடும். கீ விழுந்து பெட்டில் தழும்பு விழாமல் இருக்க, சக் வேலை பார்க்கும்போது பெட் மேல் ஒரு பலகைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.