நாலு சிலை போதும்: பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வருவோர் கவனத்துக்கு

டிசம்பர் பிறந்தால் தஞ்சாவூர் அரண்மனை வாசலில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். எல்லாப் பள்ளிக்கும் கிட்டத்தட்ட ஒரே திட்டம்தான். காலையில் பெரிய கோயில், அங்கே நடை சாத்தும் நேரத்துக்கு அரண்மனை, மரத்தடியில் புளிசாதம், பிறகு கல்லணை. இருட்டுவதற்குள் வேளாங்கண்ணியையும் பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கும் பள்ளிகளும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குக் கிடைப்பது இருபது நிமிடம். "லைன்ல போங்க, தொடாதீங்க, பேசாதீங்க" என்ற மூன்று கட்டளைகளோடு உள்ளே நுழையும் பிள்ளைகள், உலகின் தலைசிறந்த சோழர் செப்புத் திருமேனிகளில் சிலவற்றைத் தாண்டி, கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்டபடி மறு வாசல் வழியே வெளியேறுகிறார்கள்.

பள்ளிக் குழுக்களுக்குச் சிலைகளைக் காட்டி விளக்குவது என் தொழில். இங்கேயும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குக் கலையில் ஆர்வமில்லை என்று ஆசிரியர்கள் குறைப்படுவதில் நியாயம் இல்லை. நின்று பார்க்க நாம் விடுவதில்லை. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம்தான் முதல் எதிரி; ஒரு வருகைக்கு நாலு சிலை போதும். இரண்டாவது எதிரி என்னைப் போன்ற வழிகாட்டிகளின் வாய். சிலைக்கு முன் போய் நின்றதுமே பெயர், நூற்றாண்டு, கண்டெடுத்த ஊர், கையிலிருக்கும் ஆயுதம் என்று ஒப்பிக்கத் தொடங்கினால் பிள்ளைகளின் கண் சிலையை விட்டு எங்கள் முகத்துக்கு வந்துவிடும்.

தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காடு என்ற ஊரிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இருக்கிறார். பின்னியெடுத்த சடை தலைப்பாகைபோல் சுற்றியிருக்கும், அதில் பாம்புகள் நெளியும். ஒரு காலை ஊன்றி, மறு காலைக் குறுக்கே மடித்து, வலக்கையை எதன் மேலோ சாய்த்தாற்போல் நிற்பார். அந்த 'எதன் மேலோ' இப்போது அங்கே இல்லை. பெயரிலேயே ரிஷபம் இருந்தும் காளை தொலைந்துபோயிற்று. இந்த விவரத்தை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சொல்லாமல் ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, "இவரு என்ன பண்ணிட்டு இருக்காரு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

"டான்ஸ் ஆடறாரு சார்" என்று ஒரு குரல் வரும். "இல்ல, சும்மா நிக்கிறாரு, ஸ்டைலா." "கை ஏன் அப்படி இருக்கு?" யாராவது ஒரு பிள்ளை அதே மாதிரி நின்று பார்க்கும். நின்ற உடனே தெரிந்துவிடும், ஆதாரம் இல்லாமல் அப்படி வெகுநேரம் நிற்க முடியாது என்று. பக்கத்திலிருக்கும் நண்பனின் தோளில் கையை வைத்ததும், "சார், இங்க ஏதோ இருந்திருக்கு!" என்று கூவும். அதற்குப் பிறகு காளையைப் பற்றி நான் சொல்வது எதுவும் வீணாகாது. ராஜராஜன் காலத்தில், 1011-இல் இந்தத் திருமேனி எழுந்தருளியது, அடுத்த ஆண்டு தேவிக்கும் ஒரு சிலை செய்தார்கள், பிற்காலத்தில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து மீண்டது என்பதையெல்லாம் அப்போது சொல்லலாம். "காளை இன்னும் மண்ணுக்குள்ளயே இருக்குமோ?" என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லாத கேள்விதான். ஆனால் பேருந்தில் ஏறிய பிறகும் அவர்கள் பேசிக்கொண்டு போவது அதைத்தான்.

அதே திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியும் இங்கே இருக்கிறது. சிவன் பார்வதியின் கையைப் பற்றியிருக்கிறார். தாரை வார்த்துக் கொடுக்கத் திருமால் நிற்கிறார். "கல்யாணப் பொண்ணு எப்படி இருக்கா?" என்றால் "வெட்கப்படறா" என்று பதில் உடனே வரும். விடாமல், "எதை வச்சுச் சொல்றே?" என்று கேட்க வேண்டும். முகத்தில் வெட்கம் என்று தனியாக எதுவும் இல்லை. தலை இத்தனூண்டு சாய்ந்திருக்கிறது, தோள் ஒதுங்குகிறது, கை முழுதாகக் கொடுக்கப்படாமல் கொடுக்கப்படுகிறது. உலோகத்தில் ஸ்தபதி செய்ததை ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது.

இந்தக் கேள்வி முறை என் கண்டுபிடிப்பு இல்லை. உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து வடிவமைத்தது. மொத்தமே மூன்று கேள்விகள்தான்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? மூன்றில் உயிர் இருப்பது இரண்டாவதில். அதைக் கேட்ட மாத்திரத்தில் பிள்ளை ஆசிரியரின் முகத்தில் விடை தேடுவதை நிறுத்திவிட்டுச் சிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் இந்த முறையை வேதம்போல் பிடித்துக்கொண்டு, வழிகாட்டி எதையுமே சொல்லக் கூடாது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. பார்த்து முடித்த பிள்ளைக்குத் தகவல் பசி வரும். அப்போது சோறு போடாமல் இன்னொரு கேள்வியை நீட்டுவது கொடுமை.

ஒரு மணி நேர வருகையில் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்கும் தலைமையாசிரியர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிற்றூரில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இடம் கேட்டு மேலும் மேலும் பள்ளிகள் விண்ணப்பிக்கவே, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். வந்த பள்ளி, காத்திருந்த பள்ளி என்று இரண்டு தரப்பு தானாகவே அமைந்துவிட்டதால், 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 11,000 மாணவர்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்தச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம்; பார்த்துப் பேசியது ஐந்து ஓவியங்கள் போல. அவற்றில் ஒன்று ஈஸ்ட்மன் ஜான்சன் வரைந்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை வேண்டாம் என்று மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சும் மக்கள் அதில் இருக்கிறார்கள். அதைப் பார்த்த மாணவர்களில் 88 சதவீதம் பேர் வாரங்கள் கழித்துக் கேட்டபோதும் இந்த விவரத்தைச் சரியாகச் சொன்னார்கள். பரீட்சைக்குப் படிக்கச் சொல்லாத விஷயம் அது! புதிய படம் ஒன்றைக் கூர்ந்து பார்த்து எழுதுவதிலும் போய்வந்த பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். அதிகப் பயன் கிடைத்தது கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும்.

நம் ஊருக்கே உரிய சில விஷயங்கள் எந்த அயல்நாட்டு ஆய்விலும் கிடைக்காது. நம் பிள்ளைகளில் பலர் செப்புச் சிலைகளைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவர்கள். ஆனால் திருவிழாவில் உற்சவர் பட்டும் மாலையும் நகையுமாகத்தான் வருவார். முகமும் அபயக் கையும் தவிர வேறெதுவும் தெரியாது. இடுப்பின் வளைவு, முழங்காலின் மடிப்பு, விரல் நுனியின் நெளிவு என்று ஸ்தபதி உயிரைக் கொடுத்துச் செய்த எல்லாம் அலங்காரத்துக்கு உள்ளே இருக்கும். அருங்காட்சியகத்தில்தான் முதல்முறையாக முழு உருவம் கண்ணில் படுகிறது. பீடத்தில் இருக்கும் துளைகளையும் வளையங்களையும் காட்டி "இது எதுக்கு?" என்று கேட்டால், அப்பாவோ மாமாவோ சாமி தூக்கும் வீட்டுப் பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொல்லும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையாக அது இருந்தால், கூட வந்த ஆசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

முழு உருவம் தெரிவதால் சிரிப்பும் வரும். அம்மன் சிலைக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள். ஆசிரியர் அடுத்த அறைக்கு விரட்டுவார். விரட்டினால் பிள்ளைகள் கற்றுக்கொண்டு போவது, பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டோம் என்பதைத்தான். அங்கேயே நில்லுங்கள். "சிரிப்பு வருதா? வரட்டும். முடிஞ்சதும் சொல்லுங்க, பேசலாம்" என்றால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு கழுத்தணிகளை எண்ணச் சொல்லுங்கள், முப்புரி நூல் எங்கே போகிறது, தோள்வளை எப்படி இருக்கிறது, இடையாடையின் மடிப்பை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். பையன்களையும் பெண்களையும் தனித்தனியாகக் கூட்டிப்போகும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள்.

சில பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிலர் செருப்பைக் கழற்றலாமா என்று கேட்பார்கள். இரண்டையும் தடுக்க வேண்டியதில்லை, எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொல்லவும் கூடாது. குழுவில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் இருப்பார்கள். கும்பிடாமல் நிற்கும் பிள்ளையை யாரும் முறைக்காமல் பார்த்துக்கொள்வது வழிகாட்டியின் வேலை. எழும்பூருக்குப் போனால், நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் படிமங்களையும் அமராவதியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். சோழநாட்டுத் துறைமுகம் ஒன்றில் புத்த விகாரம் இருந்தது என்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி.

'தொடாதே' பற்றி. காரணம் சொல்லாத 'தொடாதே' பயன் தராது. ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "கோயில்ல தினமும் பால் ஊத்துறாங்க, சந்தனம் தேய்க்கிறாங்க. அங்க ஒண்ணும் ஆகல, நான் தொட்டா மட்டும் ஆயிடுமா சார்?" நல்ல கேள்வி. அங்கேயும் ஆகத்தான் செய்கிறது. தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்டு மூக்கும் கண்ணும் மழுங்கிய உற்சவர்கள் பல கோயில்களில் உண்டு. வழிபாட்டுக்காகச் செய்த திருமேனி வழிபாட்டில் தேய்கிறது, அதில் தவறில்லை. மண்ணுக்குள் போனவை அந்தத் தேய்மானத்துக்குத் தப்பின. இங்கே வந்த பிறகு அவற்றை அப்படியே காப்பதுதான் வேலை. கை வியர்வையில் உப்பு இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்தால் பச்சைப் பொடியாக அரிப்பு கிளம்பும். இவ்வளவும் சொன்னால் ஆறாம் வகுப்புக்கும் புரியும். அடுத்த பிள்ளையின் கையை அவர்களே தட்டிவிடுவார்கள்.

ஒர்க்‌ஷீட் கொடுத்து அனுப்பும் பள்ளிகள் பெருகிவருகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் 'சிலையின் பெயர், காலம், கிடைத்த ஊர்' என்று கோடு போட்ட தாள் என்றால் பிள்ளைகள் பெயர்ப்பலகையை நகலெடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். சிலையைப் பார்த்தார்களா என்று கேட்டால் இல்லை. தாளை வெற்றாகக் கொடுங்கள், ஒரு கையை மட்டும் வரையச் சொல்லுங்கள். கோணலாக வரட்டும். வரைகிற பிள்ளை ஐந்து நிமிடம் அதே இடத்தில் நிற்கும்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலையைச் சுற்றி இருபது பிள்ளைகளுக்கு மேல் நின்றால் பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும், பிரித்துக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வாருங்கள். உண்ட மயக்கத்தில் நடராஜரே ஆடினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கழிவறை முதலில், கலை பிறகு. விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நிற்கும் பஸ்கள் உண்டு. தஞ்சை அரண்மனை வளாகத்தில் ஒரு திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு எப்படியும் அது தெரிந்துவிடும், மனம் அங்கேயே இருக்கும். அதை முதலில் காட்டிவிட்டுச் சிலைகளுக்கு வாருங்கள். கூட வரும் ஆசிரியர்கள் வாசலில் உட்கார்ந்து போனைப் பார்க்காமல் பிள்ளைகளோடு உள்ளே நின்றால் பாதிக் கட்டுப்பாடு தானாக வந்துவிடும்.

ஊர் திரும்பிய மறுநாள் 'சுற்றுலா சென்றுவந்த அனுபவம்' கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். அதற்குப் பதில் ஒரு பீரியடை மெழுகுக்குக் கொடுங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்கிற முறைதான்: தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடுகாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே விழுந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் ஒரு அச்சில் ஒரே ஒரு சிலைதான். உலோகத்தை ஊற்றும் வேலை வகுப்பறையில் வேண்டாம். மெழுகில் ஒரு விரலையோ ஒரு காதையோ பிள்ளைகள் செய்து பார்த்தால் போதும். மெழுகு கிடைக்காவிட்டால் சப்பாத்தி மாவிலும் செய்யலாம்.