தூந்திராவில் ஏது பாலை?

வெள்ளவத்தையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகள் தன் ரியூசன் கொப்பியை நீட்டினாள். "பாலைவனத்தையும் பனிப்பாலைவனத்தையும் ஒப்பிடுக" என்று ஒரு கேள்வி. பனிப்பாலைவனம் என்று அவர்கள் சொல்வது தூந்திராவை, அதாவது வடதுருவத்தை ஒட்டிக் கிடக்கும் மரமற்ற குளிர்நிலத்தை. தொலைக்காட்சி விவரணங்களில் இதே சொல்லைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன் நான். பிள்ளையின் கொப்பிக்குள்ளும் புகுந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவளே கேட்டுவிட்டாள்: "மாமா, மரமே இல்லாத இடத்துக்கு ஏன் வனம் எண்டு பேர்?"

தூந்திரா என்ற சொல்லின் பிறப்பு சின்னக் கதை. வட ஐரோப்பாவின் சாமி மக்கள் மரமற்ற மேட்டுநிலத்தை அழைத்த பெயர், ரஷ்ய மொழி வழியாக உலகெங்கும் போயிற்று. பின்லாந்து மொழியில் 'துந்துரி' என்பது அதன் உறவுக்காரச் சொல். மரம் இல்லை என்பதுதான் அதன் பொருள். வறட்சி என்ற பேச்சே அதில் இல்லை.

பனிப்பாலைக் கட்சிக்காரர்களிடம் ஒரு நியாயம் உண்டு. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெற்றால் பாலை என்பது பாடநூல் கணக்கு. கொழும்பில் ஐப்பசி ஒரு மாத மழையே இதைத் தாண்டும். தூந்திராவில் விழும் பனியையும் சேர்த்தே 150 முதல் 250 தான். சரி. ஆனால் விழுகிற நீரை எண்ணியவர்கள் அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா? சகாராவில் விழும் கொஞ்சத்தையும் வெயில் குடித்துவிடும். தூந்திராவில் ஆவியாவதற்குச் சூடு போதாது. கீழே இறங்கவும் வழியில்லை. அடிமண் ஆண்டுக்கணக்காக உறைந்து கல்லாகக் கிடக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும் இளக, நீர் தேங்கிக் குட்டையும் சேறுமாகிறது. பாசியும் குட்டைப் புதர்களும் தலைகாட்டும், நுளம்பு படைபடையாகக் கிளம்பும். நுளம்பு மொய்க்கும் சதுப்பைப் பாலை என்று எந்தத் தமிழன் சொல்வான்?

தமிழ் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், பாலைத் திணைக்குப் பருவமாக வேனிலோடு பின்பனியையும் தொல்காப்பியம் தருகிறதே என்று மடக்கப் பார்த்தார். தருகிறதுதான். ஆனால் அதன் சிறுபொழுது நண்பகல். முல்லையும் குறிஞ்சியும் வெங்கதிரால் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். அது வெந்த நிலம், ஐயா. ஆர்க்டிக் தூந்திராவிலோ நடுக்குளிரில் நண்பகலிலும் சூரியன் எழாத நாட்கள் உண்டு.

அப்புறம், அந்தாட்டிக்காவின் உட்பகுதி இருக்கிறது. பனிகூட அங்கே அரிதாகத்தான் விழும், செடிகொடி கிடையாது. உண்மையான பனிப்பாலை அதுதான். பெயரைத் தூந்திராவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன வைப்பார்கள், பனிப்பனிப்பாலைவனமா?

தூந்திரா என்றே எழுதலாம் என்பது என் கட்சி. தமிழ்ச்சொல் வேண்டுமென்று அடம்பிடித்தால் கிழக்கு மாகாணத்தில் கேட்டுப் பாருங்கள்: தரவை. மரமற்ற வெளி, குட்டைப் புல், மாரியில் தேங்கும் நீர், மேயும் மாடுகள். கல்முனைத் தரவைப் பிள்ளையாரைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மாட்டுக்குப் பதில் துருவமானை மேயவிட்டால் அது உறைதரவை. மலையுச்சித் தூந்திராவுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். பாலைவனத்தை விட எவ்வளவோ மேல்.

அந்த உறைந்த அடிமண்ணையும் மொழிபெயர்ப்பாளர்கள் விடவில்லை. 'நிரந்தர உறைபனி' என்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து பூச்சியம் பாகைக்கு மேல் போகாத நிலம் அது. ஈரமே இல்லாத பாறையும் அதில் சேரும். நிலத்தைச் சொல்ல வந்த சொல்லில் நிலத்தையே காணோம். உறைநிலம் என்றால் வாய் நோகுமா?

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட மருமகள் கொப்பியை மூடினாள். "விளங்குது மாமா. ஆனா சோதினையில சேர் தந்ததைத்தான் எழுதுவன். இல்லாட்டி புள்ளி வெட்டிப்போடுவார்."