கட்டையும் கிலோமீட்டரும்: மலைநாட்டு வீதிகளின் கணக்கு

“கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் 99 என்று போட்டிருக்கிறது. வழியில் கற்களைப் பார்த்தால் ஏ4, ஏ16, ஏ5 என்று மாறிக்கொண்டே வருகிறது. எது சரி?” பண்டாரவளை மாணவி ஒருவர் கேட்டிருந்தார்.

எல்லாமே சரிதான். 99 பயணத்தின் இலக்கம். மற்றவை வீதிகளின் இலக்கங்கள். அந்த பஸ் இரத்தினபுரி வழியாக ஏ4இல் பெரகல வரை வருகிறது. அங்கே ஏ4 வெள்ளவாய பக்கம் இறங்கிவிட, பஸ் ஏ16இல் ஹப்புத்தளை, பண்டாரவளையைக் கடந்து ஹாலிஎலயில் ஏ5ஐப் பிடித்துப் பதுளைக்குப் போய்ச் சேர்கிறது. டிக்கெட் ஒன்று, வீதி மூன்று.

ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வீதிகள் மாகாணங்களுடையவை. இலக்கத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்க முடியாது. ஏ5 பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடிக்குப் போகிறது. அதற்கு அடுத்த எண்ணான ஏ6 இந்தப் பக்கமே வராது. அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போய்விடும்.

என்னை மயக்குவது கிலோமீட்டர் கல்தான். ஹற்றனிலிருந்து வெலிமடைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள்: தலவாக்கலை, நானுஓயா என்று ஏறிக்கொண்டே வந்த எண், நுவரெலியாவைத் தாண்டியதும் சட்டென்று பல பத்துக்கள் குறைந்துவிடும். கல்லில் பிழை இல்லை. ஏ7க்குப் பூச்சியம் அவிசாவளையில். ஏறக்குறைய 119 கிலோமீட்டர் ஓடி அது நுவரெலியாவில் முடிகிறது. அதற்குப் பிறகு நாம் போவது ஏ5இல். அதன் பூச்சியம் பேராதனையில்.

தரையில் ஓர் இடத்தைச் சொல்ல அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு எண்கள் வேண்டும். வீதியின் மேல் ஒரே எண் போதும். எத்தனை கொண்டை ஊசி வளைவு போட்டாலும் வீதி ஒரு நூல்தானே. பூச்சியத்திலிருந்து எவ்வளவு நூல் ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். பாலங்களும் இந்தக் கணக்கில்தான் பெயர் பெறுகின்றன. 54/2 என்று எழுதியிருந்தால், 54ஆம் கிலோமீட்டருக்குரிய இரண்டாவது பாலம். மூடுபனியில் பக்கத்து வளைவே தெரியாத ஊரில் இதைவிட நல்ல முகவரி ஏது?

இப்போது மண்சரிவில் ஒரு வளைவு போய்விட்டது, வீதியை நேராக வெட்டியதில் 200 மீற்றர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். திரும்ப அளந்தால் அந்த இடத்திலிருந்து கடைசி வரை எல்லாக் கல்லையும் பிடுங்கி நட வேண்டும். பால இலக்கம், பழைய வரைபடம், விபத்துக் கோப்பு எல்லாம் பொருந்தாமல் போகும். அதனால் பொறியியலாளர்கள் வழக்கமாக அந்த ஒரு கிலோமீட்டரை மட்டும் 800 மீற்றராக விட்டுவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் போகவில்லை.

நம் பேச்சில் இன்னொரு பழைய அளவும் இருக்கிறது. “பத்தாங் கட்டையில இறங்கு” என்று அம்மாக்கள் இன்றும் சொல்வார்கள். கட்டை என்றால் மைல். மைல்கட்டைகள் போய்க் கிலோமீட்டர் கல் வந்த பிறகும் இடப்பெயர் மாறவில்லை. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஆகவே ஒரே பூச்சியத்திலிருந்து அளந்திருந்தால் பத்தாங் கட்டைக்குப் பக்கத்தில் 16ஆம் கல் நிற்க வேண்டும். உங்கள் ஊர்க் கட்டையைப் பெருக்கிப் பாருங்கள். பொருந்தாவிட்டால், அந்தக் காலத்தில் பக்கத்து டவுனிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

சில வளைவுகளில் முனி இருப்பதாகச் சொல்லிக் கற்பூரம் கொளுத்துவார்கள். கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விபத்தையும் கல் எண்ணோடு பதிந்து வந்தால், எந்த வளைவில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பட்டியலே காட்டிக்கொடுக்கும். போய்ப் பார்த்தால் வளைவின் உட்பக்கமாக வீதி சாய வேண்டிய சரிவு போதாமல் இருக்கும், அல்லது தண்ணீர் வடியாமல் நிற்கும். அதைத் திருத்தலாம்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளைப் பல இடங்களில் உடைத்துப்போட்டது. திருத்த வேலையில் தார் போடுவதோடு, விழுந்த கற்களையும் அதே எண்ணோடு நட்டு வெள்ளை அடிக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெருஞ்செலவில்லை.

தோட்டத்து ரோட்டுகளுக்கும் இலக்கம் வேண்டும். பெரிய வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் எத்தனையோ பாதைகளில் எண்ணும் இல்லை, கல்லும் இல்லை. இரவில் பிரசவ வலி எடுத்து 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தால், அம்புலன்ஸ்காரருக்கு எந்த டிவிஷன், எந்தக் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று மூச்சு வாங்க விளக்க வேண்டியிருக்கிறது. தோட்டப் பாதையின் தொடக்கத்தைப் பூச்சியமாக வைத்து, நூறு மீற்றருக்கு ஒரு கல் நட்டால் போதும்: “ஏழாங் கல்லுக்கு வாங்க.”