தண்ணீரைத் தடுக்கிறார்கள், குடத்தைத் தூக்க விடுகிறார்கள்

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துப் பத்து நாள் ஆன ஒரு அம்மாவைப் போன வாரம் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. குளிர் ஜுரம், சிறுநீர் போகும்போது எரிச்சல், ஐந்து நாளாக மலம் போகவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தால் தையல் சுத்தமாக ஆறியிருந்தது. “தண்ணி எவ்வளவும்மா குடிக்கிறீங்க?” என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. கூட வந்த நாத்தனார் கூடையிலிருந்து ஓர் அரை லிட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். நாள் முழுவதற்கும் அதுதானாம், மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதானாம். “பச்சை உடம்பு டாக்டர், தண்ணி குடிச்சா தையல் சீழ் வச்சிடுமே?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குடிக்கிற தண்ணீர் தையலுக்குப் போவதில்லை. இரைப்பைக்குப் போகிறது, குடல் உறிஞ்சுகிறது, ரத்தத்தில் கலக்கிறது, மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வயிற்றின் மேல் போட்ட வெட்டுக்கும் இந்தப் பாதைக்கும் சம்பந்தமே இல்லை. சீழ் வருவது கிருமியால். அந்தக் கிருமிக்கு இடம் கொடுப்பவை கட்டுப்படாத சர்க்கரை, ரத்தசோகை, வயிற்று மடிப்புக்குள் தங்கும் வியர்வை ஈரம், கை கழுவாமல் தையலைத் தொட்டுப் பார்ப்பது. தண்ணீர் குடிக்காததால் ஒரு தையலும் சீக்கிரம் ஆறிவிடாது. ஆனால் சிறுநீர் கெட்டிப்பட்டுத் தேங்கும், தொற்று வரும். ஆபரேஷனுக்காகச் சிறுநீர் டியூப் வைத்திருந்த சிறுநீர்ப் பையில் அது இன்னும் எளிதாக வரும். மலம் இறுகும், முக்கவேண்டி வரும், அந்த அழுத்தம் முழுக்கப் புதுத் தையலில் இறங்கும். கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்துக்கும் உடலில் நீர் வற்றுவது ஒரு காரணம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்து காற்றுப் பிரியும் வரை வாயில் எதுவும் கொடுக்க மாட்டார்கள். உதட்டை மட்டும் நனைத்துவிடுவார்கள். வார்டில் ஓரிரு நாளைக்கு இருந்த அந்த விதியை வீட்டில் நாற்பது நாளைக்கு நீட்டிவிட்டார்கள். இப்போது, சிக்கல் எதுவும் இல்லையென்றால், சில மணி நேரத்திலேயே மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறோம். வீட்டுக்குப் போனபின் நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தாராளமாகக் குடிக்கலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பவர்களுக்கு மட்டும் அளவு வேறு, அதை அவரவர் டாக்டர் சொல்வார்.

தண்ணீரோடு பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறும் பூண்டுக் குழம்புமாகவே ஓட்டுகிறார்கள். பல மாதம் ரத்தம் கொட்டி, ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கி, ரத்தம் ஏற்றித்தான் ஆபரேஷனுக்கே தயார்படுத்தியிருப்போம். அந்த உடம்பிடமிருந்து புரதத்தையும் இரும்புச்சத்தையும் பிடுங்கிவிட்டுப் புண் ஆறவில்லையே என்றால் எப்படி ஆறும்? பருப்பு சீழ் வைக்காது. முட்டை சீழ் வைக்காது. கத்தரிக்காயும் வைக்காது.

சரி, இவ்வளவு கட்டுப்பாடு போடுகிற குடும்பம் எதைத் தடுக்க வேண்டுமோ அதைத் தடுக்கிறதா என்றால், அதுவும் இல்லை. “தையல் பிரிச்சாச்சு, இனிமே என்ன” என்று பதினைந்தாம் நாளே அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுகிறார், தெருக்குழாயில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

வெளியே தெரிவது அடிவயிற்றில் குறுக்கே ஒரு கோடு. கட்டி பெரிதாக இருந்தாலோ புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ நெடுக்காகப் போடுவோம். அந்தத் தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கு அடியில் தடித்த வெள்ளை உறை, தசை, கடைசியாக வயிற்றின் உள்சவ்வு. தசையைப் பொதுவாக வெட்டுவதில்லை, விலக்கித்தான் உள்ளே போகிறோம். வயிற்றின் பலம் முழுக்க அந்த வெள்ளை உறையில் இருக்கிறது. தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். உறை தன் பலத்தைத் திரும்பப் பெற மாதக்கணக்காகும். அதற்குள் குடம் தூக்கினால் உறை விட்டுக்கொடுக்கும், குடல் அந்த வழியாகப் பிதுங்கும். குடலிறக்கம் என்று இன்னொரு ஆபரேஷனுக்கு வரும் பெண்களில் பலரிடம் விசாரித்தால் இந்தக் குடக் கதைதான் வருகிறது. பெல்ட் போட்டிருந்தேனே என்பார்கள். பெல்ட் நடக்கும்போது இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு பாரம் தூக்க அனுமதி கிடையாது.

உள்ளேயும் ஒரு தையல் இருக்கிறது. கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்தபின் பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடுகிறோம். அந்தத் தையல் தானாகக் கரையும், கரையும்போது சில வாரம் லேசாகப் பழுப்போ இளஞ்சிவப்போ படலாம், பயப்பட வேண்டாம். ஆனால் அது முழுதாக ஆறும் முன் தாம்பத்திய உறவு கூடவே கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரம், அதுவும் நாங்கள் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகு. இதைக் கணவரை உட்காரவைத்துச் சொல்கிறேன். பல பெண்களால் வீட்டில் இதைத் தாங்களாகச் சொல்ல முடிவதில்லை.

அப்புறம் நடை. படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் தவறு. மறுநாளே எழுந்து நடக்கவைப்பது உங்களை வதைக்க அல்ல, காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் குடல் அசையவும்தான். எழும்போது மல்லாந்தபடியே எழாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மாடிப்படி மெதுவாக ஏறலாம். குளிக்கலாம், குளித்தபின் தையலை ஒற்றித் துடைத்து உலரவிடுங்கள். மஞ்சளோ எண்ணெயோ விபூதியோ தையலில் தடவாதீர்கள், தயவுசெய்து.

“எல்லாத்தையும் எடுத்துட்டாங்க” என்று பலர் சொல்கிறார்கள். எதை எடுத்தார்கள் என்று கேட்டால் தெரிவதில்லை. கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. கர்ப்பப்பை போனால் மாதவிலக்கும் கர்ப்பமும்தான் நிற்கும். சினைப்பை இருந்தால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக நின்றுபோகலாம். இரண்டு சினைப்பையையும் 40 வயதில் எடுத்துவிட்டால் உடல் அனல், தூக்கமின்மை எல்லாம் சட்டென்று வரும், எலும்பும் வேகமாகத் தேய ஆரம்பிக்கும், அதற்குத் தனி சிகிச்சை வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: சினைப்பையை எடுப்பீர்களா, ஏன்? கர்ப்பப்பை வாயை விட்டுவைப்பீர்களா? விட்டுவைத்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது, பிள்ளை பெற்றாகிவிட்டது, வைத்திருந்தால் கேன்சர் வரும் என்று 32 வயதில் எடுத்துவிடச் சொல்லி வருபவர்களுக்கு நான் ஆபரேஷன் செய்வதில்லை. அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரைகள் உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. இளம் வயதில் கட்டியை மட்டும் எடுக்கவும் முடியும். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வழிகாட்டுதல்களே வெளியிட்டது. அவற்றை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வயது 40க்குக் கீழே என்றால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

வீட்டுக்குப் போனபின் ஜுரம் 100.4 டிகிரியைத் தாண்டினால், நாப்கின் நனையும் அளவு ரத்தம் வந்தால், நாற்றத்தோடு நீர் வந்தால், தையல் சிவந்து சூடாகிக் கசிந்தால், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால் அன்றே வாருங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்றைப் பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்: அடக்க முடியாமல் சிறுநீர் தானாக ஒழுகிக்கொண்டே இருப்பது. கர்ப்பப்பைக்கு முன்னால் ஒட்டியிருக்கும் சிறுநீர்ப் பையை விலக்கித்தான் ஆபரேஷன் செய்கிறோம், அபூர்வமாக அங்கே ஓட்டை விழலாம். ஓரிரு வாரம் கழித்துத்தான் அது தெரியவும் வரலாம். சரிசெய்யக்கூடியதுதான். துணியை மாற்றி மாற்றிச் சமாளித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

எடுத்த கர்ப்பப்பை பயாப்ஸிக்குப் போகும். அந்த ரிப்போர்ட்டை வாங்காமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம். ஆபரேஷனுக்கு முன் தெரியாத புற்றுநோய் எப்போதாவது அதில்தான் தெரியவரும். வலி ஒன்றும் இல்லை என்றாலும், ஆறாவது வாரம் அதை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு வந்துவிடுங்கள்.