கால்ஷீட்: ஒரு சொல், மூன்று பொருள்

"ஹீரோ கால்ஷீட் கொடுத்துவிட்டார்." "இன்றைக்கு ஒன்றரை கால்ஷீட் வேலை." "நாளைக்கான கால்ஷீட் குரூப்பில் வந்துவிட்டதா?" மூன்றுமே தமிழ்த் திரைத்துறையில் அன்றாடம் காதில் விழுபவை. மூன்றிலும் கால்ஷீட் என்பது ஒரே பொருள் இல்லை. முதலாவது நடிகர் ஒதுக்கித் தந்த தேதிகள். இரண்டாவது கூலியைக் கணக்கிடும் பணிநேர அலகு. மூன்றாவதுதான் அச்சொல் பிறந்த இடத்துப் பொருள்: மறுநாள் யார், எத்தனை மணிக்கு, எங்கே வரவேண்டும் என்று சொல்லும் தாள்.

இது ஆங்கில நாடக மேடையிலிருந்து வந்த சொல். நடிகரை ஒப்பனை அறையிலிருந்து மேடைக்குக் கூப்பிடுவது 'கால்'. கதவைத் தட்டி அழைக்கவே அங்கே ஓர் ஆள் இருப்பார். அந்த அழைப்பு சினிமாவில் தாளில் எழுதப்பட்டபோது கால்ஷீட் ஆனது. நம் கால் பங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் 'அரை கால்ஷீட்' என்று முதன்முதலாகக் கேட்பவர் அரைக்கால் என்று எடுத்துக்கொண்டு குழம்புவது இயல்பே.

தாள் எப்படி அலகாயிற்று? ஒரு முறை வேலைக்கு ஒரு தாள் என்றிருந்தால், தாள்களை எண்ணினாலே வேலையை எண்ணியதாகிவிடும். கோடம்பாக்கத்து ஸ்டூடியோ காலத்தில் அப்படித்தான் பொருள் நகர்ந்திருக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 6 வரை ஒரு கால்ஷீட் என்பது பரவலான வழக்கு. நேரம் நீண்டால் ஒன்றரை, இரண்டு என்று சம்பளமும் பேட்டாவும் (தினப்படி) ஏறும். எந்த நேரத்துக்கு மேல் ஏறும் என்பதை ஒவ்வொரு பிரிவினரிடமும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

ஒரே தமிழ்ச் சொல்லால் மூன்றையும் பெயர்க்க முயல்வது வீண். தேதிக்குத் 'தேதி' என்ற சொல்லே போதும். "தேதி கொடுத்தார்" என்று துறையிலும் சொல்கிறார்கள். அலகுக்குப் 'பணிமுறை' பொருந்தும். தாளுக்கு 'அழைப்புத்தாள்' என்பதே என் பரிந்துரை. 'படப்பிடிப்பு நிரல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது முழுப் படத்துக்கான அட்டவணைக்கே பொருத்தமான பெயர்.

சிறிய படங்களில் இந்த மூன்றும் கலந்துபோவதால் பணம் கரைகிறது. நடிகர் 3 நாள் கால்ஷீட் தந்துவிட்டார் என்கிறார்கள். அவர் மனத்தில் 9 முதல் 6 வரை; இயக்குநர் மனத்திலோ சூரிய உதயக் காட்சி. தேதி கிடைத்தது, நேரத்தைப் பேசவே இல்லை. இருவர் சேர்ந்து வரும் காட்சி என்றால் காம்பினேஷன் வேறு பார்க்க வேண்டும்: இருவர் தேதியும் பொருந்திய நாளில் இடமும் கிடைக்க வேண்டும்.

அழைப்புத்தாள் கடைசியில் வருவது. அதற்கு முன் திரைக்கதையிலிருந்து ஒன்லைன் ஆர்டர் என்ற காட்சிச் சுருக்கப் பட்டியல் வேண்டும்: காட்சி எண், உள்ளா வெளியா, பகலா இரவா, யார் யார், என்னென்ன பொருள். ஒவ்வொரு பக்கத்தையும் எட்டாகப் பிரித்து, காட்சியின் நீளத்தை எட்டில் இத்தனை என்று குறிப்பார்கள். 12 பக்கக் குறும்படத்தை 3 நாளில் எடுப்பதென்றால் நாளுக்கு 4 பக்கம், அதாவது 32 எட்டுகள். இதை மட்டும் நம்பக்கூடாது. 'கூட்டம் ஓடுகிறது' என்று எட்டில் ஒரு பாகத்தில் எழுதிய வரி அரை நாளை விழுங்கும். குழந்தை, விலங்கு, வாகனம், மழை வரும் காட்சிகளும் அப்படியே.

ஆகவே நிமிடத்திலும் கணக்குப் பார்க்க வேண்டும். 9 மணிக்கு யூனிட் வந்தால், விளக்கு வைத்து முதல் ஷாட் எடுக்க 10:15 ஆகிவிடும். நவம்பரில் சென்னையில் சூரியன் மறைவது 5:40 வாக்கில். சாப்பாட்டுக்கு 45 நிமிடம் போனால் மீதி 400 நிமிடம். கோணம் மாற்றி, ஒளி திருத்தி, ஒத்திகை பார்த்து எடுக்க ஷாட்டுக்கு 25 முதல் 30 நிமிடம் என்றால் 13 முதல் 16 ஷாட்தான் கைக்கு வரும். பட்டியலில் 28 இருந்தால் மாலை 4 மணிக்கு முக்கியமான குளோசப்புகள் வெட்டுப்படும். ஜூலையில் சூரியன் 6:38 வரை நிற்கும். அதே திட்டம் அப்போது சற்று மூச்சு விடும். ஒரே நாளில் இன்னோர் இடத்துக்கு ஷிஃப்டிங் இருந்தால் ஒன்றரை மணி நேரமாவது கழியும்.

தாளின் தலையில் படத்தின் பெயர், 'நாள் 2 / 3', தேதி, கிழமை. அடுத்து முகவரி, வரைபட இணைப்பு, வண்டி நிறுத்துமிடம், உதய அஸ்தமன நேரம், அருகிலுள்ள மருத்துவமனை, ஆம்புலன்ஸுக்கு 108. பிறகு காட்சிகள், எடுக்கும் வரிசையில். அதன்கீழ் நடிகர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரம்: மேக்கப்புக்கு ஒன்று, செட்டுக்கு ஒன்று. எல்லோருக்கும் 7 மணி என்று பொதுவாக எழுதுவதுதான் சிறு குழுக்கள் செய்யும் பெரிய பிழை. 2 மணிக் காட்சிக்குரிய முதியவர் காலையிலிருந்து நாற்காலியில் காய்ந்து, தன் முறை வரும்போது களைத்திருப்பார். சம்பளம் வாங்காமல் நடிக்க வருபவரிடம் இப்படி நடந்துகொள்வது நியாயமே இல்லை.

காட்சிவாரியாக உடை, பொருள், தொடர்ச்சி குறிப்பும் வேண்டும்: காட்சி 7இல் கையில் கட்டு இருந்தால் 8இலும் இருக்க வேண்டும். சாப்பாட்டு எண்ணிக்கையில் ஓட்டுநரையும் ஜெனரேட்டர் வண்டி ஆளையும் மறந்துவிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப்புறம் வைத்தால், மழை பெய்தால் எடுக்க ஓர் உள்காட்சியை அதே தாளில் எழுதி, அதற்குரிய நடிகரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

முந்தைய நாள் மாலை, பேக்கப்புக்கு (அன்றைய படப்பிடிப்பை முடித்துக் கிளம்புவதற்கு) முன்பே தாள் போய்ச் சேரவேண்டும். வேலை இரவு 9க்கு நீண்டால் மறுநாள் காலை 6 என்ற அழைப்பு செல்லாது. 10 மணி நேர ஓய்வாவது விட்டு நேரத்தைத் தள்ள வேண்டும். திருத்தினால் 'திருத்தம் 2, இரவு 8:40' என்று மேலே எழுதி, பழைய கோப்பைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, மாற்றம் யாரைப் பாதிக்கிறதோ அவரை உதவி இயக்குநர் போனில் கூப்பிட்டே சொல்லவேண்டும். நீல டிக் விழுந்தது என்பதற்காக அவர் படித்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது.